முகம் தெரியும் அளவு வெளிச்சம்

நடவுக்கு முன்னால் வயல்களில் தண்ணீர் கட்டி நிற்கும் சில நாட்கள் உண்டு. அப்போது திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் வானம் இரண்டாக இருக்கும். மேலே ஒன்று, வயலுக்குள் ஒன்று. சின்னப் பெண்ணாக இருந்த அம்சம் வரப்பில் உட்கார்ந்துகொண்டு, குனிந்து நாற்று நடும் பெண்களின் முகங்களைப் பார்த்தபடியே இருப்பாள். வெயில் முதுகில் அடிக்கிறது. முகம் கீழே கவிழ்ந்திருக்கிறது. இருட்டாகத்தானே இருக்க வேண்டும்? இருக்காது. தண்ணீரிலிருந்து ஒரு வெளிச்சம் எழுந்து வந்து தாடைக்கு அடியிலும் கண்ணோரத்திலும் அசைந்துகொண்டிருக்கும். வீட்டில் எந்நேரமும் கடுகடுவென்று இருக்கும் அவள் அம்மா காத்தாயி, வயலில் மட்டும் வேறு யாரோ மாதிரித் தெரிவாள்.

"அம்மா, நீ வயல்ல இருக்கறப்பதான் அழகா இருக்க" என்று ஒருநாள் சொல்லிவிட்டாள்.

"ஆமாடி. முதுகு ஒடியறப்பதான் அழகு பொங்கி வழியுது" என்றாள் காத்தாயி.

அம்சத்துக்கு அந்த வெளிச்சம் மனதை விட்டுப் போகவில்லை. பல வருஷங்கள் கழித்துத் தஞ்சாவூரில் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் விளக்கு எங்கே வைப்பது என்று சொல்வதே தன் தொழிலாக ஆகும் என்று அப்போது அவளுக்குத் தெரியாது. அப்படி ஒரு தொழில் இருப்பதே அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. தெருவில் மின்சாரமே கிடையாது.

விவசாயத் தொழிலாளிகளின் குடிசைகள் மட்டும் இருந்த தெரு அது. சட்டம் வந்து, குடியிருந்த மனைக்குப் பட்டாவும் கைக்கு வந்திருந்தது. குடிசைக்கு ஒரு விளக்கு என்று அரசாங்கம் அறிவித்த பிறகு, தெருவுக்கும் கம்பி இழுக்க மின்வாரியத்திலிருந்து வந்து அளந்துவிட்டுப் போனார்கள். ஆனால் கம்பம் நட வேண்டிய இடம் மிராசுதார் துரைராசுவின் வயல். அந்த வருஷம்தான் அறுவடைக் கூலியை ஏற்றிக் கேட்டுத் தொழிலாளிகள் வேலைக்குப் போகாமல் நின்றிருந்தார்கள். லாரியில் வெளியூர் ஆட்கள் வந்து இறங்கினார்கள். வரப்பில் போலீஸ்காரர்கள் நின்றார்கள். மறித்தவர்களைப் பிடித்துக்கொண்டு போனபோது அம்சத்தின் அப்பா வீரையனும் அவர்களில் ஒருவராகப் போனார். "எனக்கு எதிரா கொடி புடிக்கிறவனுக்கு என் நெலத்து வழியா வெளக்கா?" என்று துரைராசு கேட்டதாகத் தெருவுக்குச் செய்தி வந்தது.

அப்பா இல்லாத அந்த நாட்களில் மண்ணெண்ணெயை மிச்சம் பிடிப்பதற்காகக் காத்தாயி பொழுது சாயும்போதே சோற்றை வடித்து இறக்கிவிடுவாள். வாசலில் கூடிப் பேசிக்கொண்டிருக்கும் ஆண்களின் முகம் தெரியாது, பீடி நுனி மட்டும் தெரியும். அதை வைத்தே யார் எது பேசுகிறார்கள் என்று அம்சம் கண்டுபிடிப்பாள்.

கடைசியில் தாசில்தார் முன்னிலையில் பேச்சு நடந்தது. கூலியில் கேட்டதில் பாதி கிடைத்தது. வீரையன் இளைத்துப்போய் வீடு வந்து சேர்ந்தார். கம்பங்களை வயலில் நடாமல் வாய்க்கால் கரைப் புறம்போக்கில் சுற்றிக்கொண்டு வந்து நட்டார்கள்.

ஒயரிங் வேலைக்கு வந்த ஒப்பந்தக்காரரின் ஆட்களில் சாமிதுரை என்று ஓர் இளைஞன் இருந்தான். பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரன். ஒவ்வொரு குடிசையாக நுழைந்து, முகட்டுக்கு நேர் கீழே நடுவில் ஹோல்டரைத் தொங்கவிட்டுப் போய்க்கொண்டிருந்தான். வீரையன் வீட்டுக்கு வந்தபோது அம்சம் வழியை மறித்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் பத்தாவது தேறியிருந்தாள்.

"நடுவுல வேணாங்க. அடுப்புக்கும் இந்தப் பக்கத்துக்கும் நடுவுல குட்டைச் சுவரு இருக்கு பாருங்க, அதுக்கு மேல போடுங்க."

"எல்லாரும் நடுவுலதானே கேக்குறாங்க?"

"நடுவுல போட்டா எங்கம்மா நெழலு சட்டிக்குள்ள விழும். அரிசியில கல்லு கெடந்தா எப்படித் தெரியும்? சிம்னி வெளக்கைத் தூக்கிப் புடிச்சு எல்லா எடத்துலயும் பாத்துட்டேன். அந்த எடத்துல வச்சாத்தான் அடுப்புக்கும் ஆவும், நான் படிக்கிறதுக்கும் ஆவும்."

சாமிதுரை அவளை ஏற இறங்கப் பார்த்தான். "ஒயரு பத்தாதே" என்றான். பிறகு, தன் பையிலிருந்தே ஒரு துண்டு ஒயரை எடுத்து முறுக்கிச் சேர்த்து, அவள் சொன்ன இடத்தில் விளக்கை மாட்டினான்.

முதல்முறை மின்சாரம் வந்த சாயங்காலத்தை அம்சம் பின்னாளில் கனவில் திரும்பத் திரும்பக் கண்டாள். மேற்கே இன்னும் செம்மை மிச்சமிருந்தது. தெரு முழுக்க விளக்குகள் ஒரே மூச்சில் எரிந்தன. யாரும் வீட்டுக்குள் போகவில்லை. எல்லோரும் தெருவில் நின்று, அவரவர் வீட்டையே வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீற்று இடுக்குகளிலிருந்து கோடுகோடாக வெளிச்சம் கசிந்தது. கனவில் மட்டும் அந்தக் குடிசைகள் மெல்ல மிதந்து, தண்ணீர் கட்டிய வயல்களின் மேல் ஓசையில்லாமல் நகர்ந்துகொண்டிருக்கும்.

*

தஞ்சாவூரில் அரசு விடுதியில் தங்கி அம்சம் கட்டட வரைபடம் போடக் கற்றாள். பிறகு அஹமது கபீர் என்ற இன்ஜினியரின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். சாமிதுரைக்கு அதற்குள் மின்வாரியத்தில் வேலை நிரந்தரமாகியிருந்தது. பெண் கேட்டு வந்தவனைப் பார்த்து வீரையன், "ஒயரு குடுத்த புள்ளதானே?" என்று மட்டும் கேட்டார். கல்யாணம் முடிந்தது.

கபீரின் அலுவலகத்தில் எந்த வீட்டு வரைபடமானாலும் மின்விசிறி நடுவில், குழல் விளக்கு சுவரில் என்று குறித்துக்கொடுப்பது வழக்கம். அம்சத்துக்கு அது பிடிக்கவில்லை. வீடு கட்ட வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுப்பாள். தலை எங்கே வாருவீங்க? பெரியவங்க மாத்திரையை எந்த இடத்துல உக்காந்து பிரிப்பாங்க? ராத்திரி பாத்ரூமுக்குப் போறப்ப லைட்டைப் போட்டா பக்கத்துல தூங்கறவங்க முழிச்சுக்குவாங்களா? சாமி மாடம் எந்தப் பக்கம்?

"அம்சம்மா, நீ வெளக்கு வைக்கிறியா, சம்பந்தம் பேசுறியா?" என்று கபீர் சிரிப்பார். ஆனாலும் தடுக்கமாட்டார். ஒரு கட்டத்தில், "இதுக்குன்னே வெளிநாட்டுல படிச்சவங்க இருக்காங்களாம். லைட்டிங் டிசைனர்னு பேரு. நீயும் அதைத்தானே செய்யற? தனியாப் பலகை மாட்டிக்க, என் ஆபீஸ் பக்கத்துலயே" என்றார். அலுவலகத்தின் பக்கத்து அறை அப்படித்தான் அவளுக்கு வந்தது. ஜனங்கள் பலகையைப் படிக்கவில்லை. "லைட்டம்மா" என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

அவளுடைய முதல் பெரிய வேலை ஒரு அரிசி ஆலை. அரிசியில் கலந்த கறுப்பு மணிகளைப் பொறுக்கி எடுக்கும் பெண்களுக்குத் தலைவலி வந்துகொண்டே இருந்தது. இன்னும் எத்தனை குழல் விளக்கு மாட்டினால் சரியாகும் என்று கேட்கத்தான் முதலாளி அவளைக் கூப்பிட்டிருந்தார். அம்சம் விளக்கைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்களின் நடுவில் ஒரு முறத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எப்பக்கா ரொம்ப வலிக்குது?" என்று பக்கத்தில் இருந்த மருதாயியிடம் கேட்டாள்.

"சோறு தின்னுட்டு உள்ள வர்றோம் பாரு, அப்பதான். வெளிய பளீர்னு வெயிலு. உள்ள வந்தா மொறமே தெரியாது. கண்ணைக் கசக்கிக் கசக்கியே தண்ணி வந்துரும்."

விளக்கு குறைவு என்பது பாதிதான் உண்மை. விளக்குகள் எல்லாம் அவர்களின் முதுகுப் பக்கம் எரிந்தன. அம்சம் புது விளக்கு கேட்கவில்லை. வரிசையையே திருப்பி உட்காரவைத்தாள். விளக்குகளைக் கீழே இறக்கி, அரிசி மேல் நேரே கொட்டாமல், வெள்ளையடித்த தடுப்பில் பட்டுத் திரும்பி வரும்படி செய்தாள். வாசலுக்கும் வேலை செய்யும் இடத்துக்கும் நடுவே கீற்றுப் பந்தல் ஒன்று போடச் சொன்னாள். சாப்பாடு அந்தப் பந்தலில். வெயிலிலிருந்து நிழலுக்கு, நிழலிலிருந்து உள்ளே என்று கண்ணைக் கைப்பிடித்துக் கூட்டிவர வேண்டும் என்பது அவள் நினைப்பு.

அடுத்த முறை போனபோது மருதாயி முறத்தைப் புடைத்துக்கொண்டே மெல்லிய குரலில் பாடிக்கொண்டிருந்தாள். அம்சம் வாசலில் நின்று கேட்டுவிட்டு, உள்ளே போகாமலே திரும்பினாள்.

வெளியில் இப்படிப் பெயர் வாங்கியவளுக்கு வீட்டில்தான் சண்டை. சாமிதுரைக்கு வீடு ஜெகஜோதியாக இருக்க வேண்டும். புது வீட்டில் அறைக்கு இரண்டு குழல் விளக்கு மாட்டினான். அம்சம் ஒன்றொன்றாக அணைத்துக்கொண்டே போவாள். அவளுக்கு வெளிச்சம் மூலையிலிருந்து எட்டிப் பார்க்க வேண்டும், சுவரில் வழிந்து இறங்க வேண்டும்.

"யாராவது வந்தா கரண்ட்டு கட்டான்னு கேக்குறாங்க புள்ள."

"கேக்கட்டுமேங்க. கண்ணுக்கு இதமா இருக்குல்ல?"

"எனக்கு இதமா இல்லை" என்றான் சாமிதுரை. "நான் பொறந்தது தென்னந்தோப்புக் காவல் குடிசையில. பகல்லயே உள்ள ஒண்ணும் தெரியாது. பாம்பு ஏறுச்சுன்னாக்கூடச் சத்தத்தை வச்சுத்தான் பாக்கணும். உனக்கு இருட்டு அழகா இருக்கு. எனக்கு அது இருட்டாத்தான் இருக்கு."

கூடம் அவனுக்கு, படுக்கையறையும் சமையலறையும் அவளுக்கு என்று ஒரு சமரசம் ஏற்பட்டது. ஆனாலும் அவன் சொன்னதை அவள் முழுதாக வாங்கிக்கொள்ளவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

*

தெருவுக்கு ஒரு சமுதாயக்கூடம் வந்தது. குடிசைகள் பெரும்பாலும் ஓட்டு வீடாகவும் மச்சு வீடாகவும் மாறியிருந்த காலம். கூடத்தைத் தாங்கள்தான் கொண்டுவந்ததாக இரண்டு கட்சிக்காரர்களும் சொன்னார்கள். முகப்பில் சீரியல் பல்பு எந்த நிறத்தில் கட்டுவது என்று அவர்களுக்குள் ஒரு வாரம் இழுபறி. வீரையனுக்குத் தம்பி முறையான நல்லக்கண்ணுதான் கூடத்துக்குப் பொறுப்பு. முதல் கல்யாணமே அவர் மகள் வேம்புவுக்கு. நர்ஸ் படிப்பு முடித்த பெண். "நம்ம புள்ள ஊரெல்லாம் வெளக்கு வைக்குது. நம்ம கூடத்துக்கு வைக்காதா?" என்று அவரே தஞ்சாவூருக்கு வந்து கேட்டார்.

அம்சம் உருகிப்போனாள். தன் மனதில் இத்தனை வருஷம் வைத்திருந்ததையெல்லாம் அந்தக் கூடத்துக்குக் கொடுத்தாள். கூரையைச் சுற்றி ஓரத்தில் ஒரு பட்டை கட்டி, விளக்குகளை அதற்குள் மறைத்தாள். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. வெள்ளைக் கூரை முழுக்கப் பரவி, அங்கிருந்து மெல்லக் கீழே இறங்கும். தண்ணீர் கட்டிய வயலைத் தலைகீழாகக் கவிழ்த்தது போல. அதற்கடியில் அண்ணாந்தபடி வெகுநேரம் நின்றாள்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம், பொழுது சாய்ந்த நேரத்தில் எல்லோரையும் கூப்பிட்டு விளக்கைப் போட்டுக் காட்டினாள். தெருவே வந்து நின்றது. யாரும் பேசவில்லை. அந்த அமைதியை அவள் முதலில் தப்பாகப் புரிந்துகொண்டாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் நல்லக்கண்ணு. பிறகு தலையைச் சொறிந்தார். "ஏம் புள்ள, மெயின் லைட்டு இனிமேத்தான் வருமா?"

"இதுதான் சித்தப்பா லைட்டு."

"இதுவா?" அவர் முகம் சுருங்கியது. "நம்ம தெருன்னா இவ்வளவு போதும்னு நெனச்சிட்டியா?"

"ஐயோ, இல்ல சித்தப்பா. பெரிய பெரிய ஓட்டல்ல எல்லாம் இப்படித்தான் வைக்கிறாங்க. கண்ணு கூசாம…"

"கண்ணு கூசட்டும்" என்றார் அவர். குரல் உயரவில்லை. ஆனால் கூட்டத்தில் இருந்தவர்கள் தலையை அசைத்தார்கள். "ரோட்டுல போற பஸ்ஸுக்குத் தெரியணும் புள்ள. அந்தத் தெருவுல என்னடா இவ்வளவு வெளிச்சம்னு ஒருத்தன் எட்டிப் பாக்கணும். நாங்க ஓட்டலுக்குப் போனதில்லை. எங்களுக்கு அது தெரியாது."

அம்சம் கூடத்தின் பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தாள். அவமானம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். இவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் புரியாது என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்திலேயே அந்த நினைப்பைக் கண்டு அவளே பயந்தாள்.

காத்தாயி மெல்ல நடந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முட்டியைத் தேய்த்துக்கொண்டாள்.

"என் கல்யாணத்தைப் பத்தி உனக்குச் சொல்லியிருக்கனா?"

"என்ன சொல்லணும்?"

"காஸ் லைட்டு வாடகைக்கு எடுத்துட்டு வந்தாங்க உங்க தாத்தா. மிராசுதாருங்க தெருவைத் தாண்டி வரக்குள்ள புடிச்சுக்கிட்டாங்க. இவனுங்க வீட்டுக் கல்யாணத்துக்குக் காஸ் லைட்டு ஒரு கேடான்னு கேட்டு, அங்கயே அணைச்சு, திருப்பி அனுப்பிட்டாங்க. அப்பறம் என்ன, அகல் வெளக்குதான். தாலி கட்டறப்ப உங்கப்பா மொகத்தை நிமிந்து பாத்தேன். ஒண்ணும் வெளங்கலை. மறுநாள் காலையில வாய்க்காலுக்குப் போறப்பதான் பாத்தேன், மூக்கு இவ்வளவு பெருசான்னு."

சொல்லிவிட்டுக் காத்தாயி சிரித்தாள். அம்சத்துக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"இதை ஏம்மா முன்னாடியே சொல்லலை?"

"கேட்டாத்தானே சொல்லுவேன். நீ ஊர்ல இருக்கறவங்ககிட்ட எல்லாம் கேக்குற. எங்கிட்ட வந்து என்ன வெளக்கு வேணும்னு எப்பக் கேட்ட?"

கேட்கவில்லைதான். யார் வீட்டுக்குப் போனாலும் வாய் ஓயாமல் கேட்கிறவள், தன் தெருவிடம் கேட்கவில்லை. தனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டாள். அந்த வயல் வெளிச்சத்தை வரப்பில் உட்கார்ந்து பார்த்தவள் அவள். அதற்குள் குனிந்து நின்றவர்கள் வேறு.

அன்றைக்கே அவள் தெருவில் வீடு வீடாகப் போனாள். கல்யாணம் என்றால் உங்களுக்கு எது தெரியணும்? பெண்ணின் முகம் என்றார்கள் பெண்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்குகிற இடம் என்றார்கள் ஆண்கள். பந்தியில் இலை தெரிய வேண்டும் என்றார் ஒரு பெரியவர். கைக்குழந்தை வைத்திருந்த ஒருத்தி மட்டும், "தூங்கற புள்ளை மேல லைட்டு அடிக்காத எடமா ஒரு மூலை வேணும்க்கா" என்றாள்.

வீட்டுக்கு வந்து சாமிதுரையிடம் சொன்னாள். "நீங்கதான் வரணும். எனக்குப் பளிச்சுனு போட வராது."

சாமிதுரை லீவு போட்டுவிட்டுக் கருவிப் பையோடு கிளம்பினான். கூடத்தின் முகப்பிலும் அங்கிருந்து சாலை வரைக்கும் விளக்குகள் நின்றன. மணவறையைப் பார்த்து இரு பக்கமும் பெரிய விளக்குகள் வைத்தார்கள். நேர் முகத்தில் அடித்தால் மணப்பெண் கண்ணை மூடிக்கொள்வாள் என்று அம்சம் அவற்றைப் பக்கவாட்டில் திருப்பி, வேம்புவையே உட்காரவைத்துப் பார்த்தாள். "இப்பக் கூசுதா? இப்ப?" என்று கேட்டுக் கேட்டு விளக்கை நகர்த்தினாள். வேம்பு கன்னத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பந்தி நடக்கும் பக்கம் பளீர் வெளிச்சம். கூரையோரப் பட்டையை அவள் கழற்றவில்லை. ஒரு மூலையில் மட்டும் அதை எரியவிட்டு, அதன் கீழே பாய்களை விரித்துவைத்தாள்.

மாப்பிள்ளை அழைப்பு நடந்த சாயங்காலம் தெருவில் சாலை வரைக்கும் விளக்கு எரிந்தது. திருவையாறு போகிற பஸ் ஒன்று வேகத்தைக் குறைத்தது. ஜன்னல்களில் தலைகள் திரும்பின. நல்லக்கண்ணு வாசலில் நின்று, யாரென்றே தெரியாத அந்தப் பயணிகளுக்குக் கும்பிடு போட்டார். மேளக்காரர்கள் உரக்க வாசித்தார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

மறுநாள் தாலி கட்டும் நேரத்தில் அம்சம் பின்னால் நின்று பார்த்தாள். வேம்பு நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள், அவசரமில்லாமல். அது கடைசி வரிசை வரைக்கும் தெரிந்தது. மூலையில் பாய்மேல் குழந்தைகள் தாறுமாறாகத் தூங்கிக்கொண்டிருந்தன. அவற்றின் முகங்களில் கூரையிலிருந்து இறங்கிய மங்கல் வெளிச்சம் இருந்தது.

கல்யாணம் முடிந்த வாரத்தில் பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு கண் டாக்டர் கூப்பிட்டிருந்தார். புது மருத்துவமனைக்கு விளக்கு யோசனை வேண்டுமாம். அம்சம் காலைப் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஒரத்தநாடு தாண்டியதும் தென்னந்தோப்புகள் வந்தன. மட்டைகளுக்குள் வெயில் நுழைந்து, அவள் மடியிலும் கையிலும் ஓடி மறைந்துகொண்டிருந்தது. கண் சொக்கியது. கட்டுப் போட்ட கண்ணோடு உட்கார்ந்திருப்பவர்கள், கட்டை அவிழ்த்ததும் முதலில் எதைப் பார்க்க ஆசைப்படுவார்கள் என்று யோசித்தாள். டாக்டரிடம் அப்புறம் பேசிக்கொள்ளலாம், முதலில் அந்த நோயாளிகளோடு போய் உட்கார வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டு, முந்தானையை இழுத்துப் போர்த்தியபடி கண்ணை மூடினாள். மூடிய இமைக்குள்ளும் தோப்பின் வெயில் சிவப்பும் பச்சையுமாக ஓடிக்கொண்டே இருந்தது.